‘ங்க’ எங்கே போகும்?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்ஜரி வார்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்பேன்: “ராத்திரி தூங்குனீங்களாய்யா? வலி எப்படி இருக்கு? மோஷன் போனீங்களா?” எழுபது வயதுப் பெரியவரிடம் முப்பது வயதுப் பெண் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. கேள்வியின் வாலில் ஒரு ‘ங்க’ இருந்தது. கூடவே ஒரு ‘ஐயா’ இருந்தது. இரண்டும் சேர்ந்து கூச்சத்தைத் துடைத்துவிடும்.

ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் முதல் முறை நான் தவறியது இந்த இடத்தில்தான். சொற்கள் கைவசம் இருந்தன. இலக்கணமும் ஓரளவு இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ங்க’ கிடையாது. அது இருந்த இடத்தில் எதை வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது இங்கிலாந்தின் வட பகுதியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் நம்மூர்ச் செவிலியர் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். செவிலியராக இல்லாதவர்களுக்கும் இது உதவும்.

இருபது நிமிடம், இரண்டு கார்டு

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய அந்நாட்டு நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலிடம் ஆங்கிலத் திறமையை நிரூபிக்க வேண்டும். அதற்கு நம்மவர்கள் பெரும்பாலும் எழுதுவது இரண்டு தேர்வுகளில் ஒன்று. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த ஐஇஎல்டிஎஸ். மற்றது, மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓஇடி. 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான இந்தத் தேர்வைப் பிரிட்டன் கவுன்சில் 2017-இல் ஏற்றுக்கொண்டது. பேச்சுப் பகுதியில் ஐஇஎல்டிஎஸ் என்றால் 9-க்கு 7 வேண்டும். ஓஇடி என்றால் 500-க்கு 350, அதாவது ‘பி’ கிரேடு.

ஓஇடியின் பேச்சுத் தேர்வு சுமார் 20 நிமிடம். நேரிலும் நடக்கும், வீடியோ வழியாகவும் நடக்கும். முதலில் நம் வேலையைப் பற்றிச் சாதாரணமாக இரண்டு கேள்வி கேட்பார்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு ஒரு கார்டு வரும். இடம் வார்டா, கிளினிக்கா, நோயாளியின் வீடா என்று அதில் இருக்கும். நோயாளி யார், என்ன பிரச்சினை, நாம் செய்ய வேண்டிய நாலைந்து காரியங்கள் என்ன என்பதும் இருக்கும். படித்துத் தயாராக 3 நிமிடம், பேச 5 நிமிடம். நாம் செவிலியர், எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய மகளாகவோ நடிப்பார். இதேபோல் இன்னொரு கார்டு.

எதிரில் இருப்பவர் நமக்கு மதிப்பெண் போடுவதில்லை. பேச்சு முழுவதும் பதிவாகிறது, பதிவைக் கேட்டு வேறு மதிப்பீட்டாளர்கள் போடுகிறார்கள். அவர் முகத்தைப் பார்த்து “தப்பாச் சொல்லிட்டோமோ” என்று கலங்க வேண்டியதில்லை. நம் மருத்துவ அறிவும் இங்கே சோதிக்கப்படுவதில்லை. மருந்தின் அளவு மறந்துபோனால் ‘டாக்டரிடம் உறுதி செய்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும். வார்டில் அதைத்தானே செய்வோம்?

நாற்பது வாக்கியங்கள்

நான் போன பயிற்சி மையத்தில் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். அதில் நாற்பது வாக்கியங்கள். தொடக்கத்துக்கு ஐந்து, ஆறுதலுக்கு ஐந்து, முடிப்பதற்கு ஐந்து என்று வரிசை போட்டிருந்தது. நைட் டூட்டியில் மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டே மனப்பாடம் செய்தேன்.

தேர்வில் நோயாளியாக நடித்தவர் தன் பயத்தைச் சொல்லத் தொடங்கினார். அவர் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போதே என் வாய் ‘ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டேண்ட் யுவர் கன்சர்ன்’ என்று முந்திக்கொண்டது. பிறகு விளக்கம், விளக்கம், விளக்கம். அவர் மறுபடி ஏதோ சொல்ல வந்தார். மறுபடி அதே வாக்கியம். ஐந்து நிமிடத்தில் நான்கு முறை அதைச் சொன்னேன். அவருடைய கவலை என்ன என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பேச்சுக்கு 330 வந்தது. இருபது மதிப்பெண் குறைவு. தேர்வுக் கட்டணம் அன்றைய என் சம்பளத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம். ஒரு வாரம் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. பிறகுதான், மதிப்பெண் எதற்கெல்லாம் போடுகிறார்கள் என்று முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

மொத்தம் ஒன்பது அளவுகோல்கள். நான்கு மொழியைப் பற்றியவை: உச்சரிப்பு புரிகிறதா, பேச்சு தடையில்லாமல் வருகிறதா, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ற சொல்லா, இலக்கணமும் சொல்வளமும் எப்படி. மீதி ஐந்தும் நோயாளியோடு பேசும் விதத்தைப் பற்றியவை. அவரோடு உறவு ஏற்படுத்துகிறோமா? அவர் பக்கத்து எண்ணத்தைக் கேட்டு அதற்கேற்பப் பேசுகிறோமா? பேச்சுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா? விவரத்தை எப்படி வாங்குகிறோம், எப்படிக் கொடுக்கிறோம்? இந்த ஐந்தும் 2018 செப்டம்பரில் சேர்க்கப்பட்டவை. என் தாளில் இருந்த நாற்பது வாக்கியங்களில் ஒன்றுகூட இவற்றுக்கு உதவாது. நோயாளி என்ன சொல்லப்போகிறார் என்று அந்தத் தாளுக்குத் தெரியாதே.

அம்மா நோயாளியானார்

திருமங்கலம் பக்கத்தில் எங்கள் கிராமம். லீவுக்குப் போயிருந்தபோது, பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல் அம்மாவை உட்கார வைத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் கார்டைத் தமிழில் நடிப்போம் என்று முடிவு செய்தேன். தேர்வில் வந்த கார்டை வெளியே சொல்வது முறையல்ல, இது நானே எழுதியது. நோயாளி பத்து வருடமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது டாக்டர் இன்சுலின் எழுதியிருக்கிறார், நோயாளி மறுக்கிறார்.

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஊசியெல்லாம் வேணாம் சிஸ்டர். எங்க சித்தப்பாவுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, ஆறே மாசத்துல போய்ச் சேந்துட்டாரு.”

நான் யோசிக்கவே இல்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, “அவருக்கு என்னம்மா ஆச்சு?” என்றேன்.

கால் புண்ணை வீட்டில் மறைத்து வைத்தது, நாட்டு மருந்து கட்டியது, விரலை எடுத்தது என்று அம்மா ஒரு நிமிடம் பேசினார். நான் குறுக்கிடவில்லை. முடித்ததும் கேட்டேன், “அப்போ புண்ணு முத்துன பிறகுதான் ஊசியே ஆரம்பிச்சாங்களா?”

“ஆமா. ரொம்பத் தாமசம்.”

“நீங்க அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே வந்துட்டீங்கம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அவராகவே கேட்டார், “ஊசி மருந்த ஃப்ரிட்ஜுல வைக்கணும்பாங்களே, ஃப்ரிட்ஜு இல்லாத வீட்டுல என்ன செய்யிறது?” மண்பானைத் தண்ணீரில் நனையாமல் வைக்கும் முறையைச் சொன்னேன்.

இதை ஃபோனில் பதிவு செய்திருந்தேன். இரவு கேட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஏழு கேள்வி கேட்டிருக்கிறேன், இரண்டு முறைதான் விளக்கம் சொல்லியிருக்கிறேன். தேர்வில் செய்தது இதற்கு நேர் எதிர். ஒன்பது வருடம் வார்டில் கற்ற வித்தை முழுவதையும் தேர்வறையின் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்!

அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நான் என்ன செய்தேன் என்பதை நோட்டில் எழுதினேன். கிட்டே உட்கார்ந்தேன். சித்தப்பாவைப் பற்றிக் கேட்டேன். காத்திருந்தேன். அவர் சொன்னதிலிருந்தே என் விளக்கத்தை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஆங்கிலம் எழுதினேன். ‘வாட் ஹேப்பன்ட் டு யுவர் அங்கிள்?’ என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வாக்கியம். சரியான இடத்தில் விழுந்தால் அது அந்த நாற்பதையும்விடப் பெரிய வாக்கியம்.

வாலும் தலையும்

தமிழில் மரியாதை வாக்கியத்தின் வாலில் இருக்கிறது, ஆங்கிலத்தில் தலையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த நாள்தான் எனக்குத் தேர்வு பிடிபட்ட நாள்.

“சொல்லுங்கம்மா” என்பதில் ‘சொல்’ வெறும் கட்டளை, ‘ங்கம்மா’தான் அன்பு. மொழிபெயர்த்தால் கட்டளை மட்டும் அக்கரைக்குப் போகிறது. ‘டெல் மீ’ என்று மொட்டையாகச் சொன்னால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். ‘குட் யூ டெல் மீ எ பிட் மோர் அபவுட் தட்?’ என்றால் அந்த ‘ங்கம்மா’ முன்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. “கையைக் காட்டுங்க” என்பது ‘இஸ் இட் ஆல் ரைட் இஃப் ஐ லுக் அட் யுவர் ஹேண்ட்?’ ஆகும். நாம் நீட்டி முழக்குவதாகத் தோன்றும். அவர்கள் காதுக்கு அதுதான் ‘ங்க’.

சில சொற்கள் நம்மூர் ஆங்கிலத்தில் மட்டும் ஓடும் காசு. “சுகர் இருக்கா?” என்பதை ‘டூ யூ ஹாவ் சுகர்?’ என்று கேட்டால் டீக்குச் சர்க்கரை கேட்கிறோம் என்று நினைப்பார்கள். ‘டயபடீஸ்’ என்றே கேட்க வேண்டும். “மோஷன் போனீங்களா?” என்பதற்கு இங்கே ‘ஹாவ் யூ ஓபன்ட் யுவர் பவல்ஸ் டுடே?’ என்கிறார்கள். இன்னொரு பக்கம், கார்டில் ‘ஹைப்போகிளைசீமியா’ என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே நோயாளியிடம் வாசிக்கக் கூடாது. ‘வென் யுவர் ப்ளட் சுகர் கோஸ் டூ லோ’ என்று அவிழ்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஏற்ற சொல்லா என்ற அளவுகோல் பார்ப்பது இதைத்தான்.

‘டோன்ட் வொரி’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “பயப்படாதீங்க” என்று நாம் சொல்லும்போது தோளில் ஒரு கை இருக்கும். கை இல்லாத ‘டோன்ட் வொரி’ அவர் வாயை அடைத்துவிடும். பயம் என்னவென்று தெரியாமலே பயப்படாதே என்று எப்படிச் சொல்வது? ‘வாட் வொரீஸ் யூ மோஸ்ட் அபவுட் திஸ்?’ என்று முதலில் கேளுங்கள். ஆறுதல் அதற்குப் பிறகு.

நமக்கு அம்மா, ஐயா, அண்ணன் என்று உறவு வைத்து அழைத்தால் பாதி வேலை முடிந்தது. முன்பின் தெரியாத நோயாளியை ஆங்கிலத்தில் ‘ஆன்ட்டி’ என்று அழைக்க முடியாது. இங்கே பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும், நம் பெயரையும் அவர் பெயரையும். கேட் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேய டாக்டர் புற்றுநோயாளியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வந்து போகிற ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தார். 2013-இல் ‘ஹலோ, மை நேம் இஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016-இல் அவர் இறந்துவிட்டார். அந்த நான்கு சொற்களும் இன்றும் ஊழியர்களின் பேட்ஜில் இருக்கின்றன. பெயர் சொல்வதும், ‘ஹௌ வுட் யூ லைக் மீ டு கால் யூ?’ என்று கேட்பதும் சடங்கு என்று நினைத்திருந்தேன். உடம்பு முடியாத ஒருவருக்கு அது முதல் மரியாதை என்று இப்போது தெரிகிறது.

மூன்று நிமிடம் என்ன செய்வது?

கார்டு கைக்கு வந்ததும் எழுத்துக்கூட்டி முழுவதையும் மனதில் ஏற்றப் பார்க்காதீர்கள். கார்டு கடைசி வரை கண்முன்னேதான் இருக்கும். நான் பார்ப்பது மூன்று. முதலாவது, இடமும் ஆளும்: வார்டில் இருப்பவரிடம் பேசுவதும், வீட்டுக்குப் போய் அவர் மகளிடம் பேசுவதும் வேறு வேறு தொடக்கம். இரண்டாவது, ஒவ்வொரு காரியத்தின் வினைச்சொல்: கண்டுபிடி, விளக்கு, சம்மதிக்க வை, தைரியம் கொடு. ‘கண்டுபிடி’ என்று இருக்கும் இடத்தில் விளக்கத் தொடங்கினால் மதிப்பெண் போகும். மூன்றாவது, இந்த மனிதருக்கு என்ன பயம் இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் முழுசாகக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் இந்த நேரத்திலேயே எதிரில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

விளக்கத்தைக் கவளம் கவளமாகக் கொடுங்கள். இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்தி, ‘டஸ் தட் மேக் சென்ஸ் சோ ஃபார்?’ என்று கேளுங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை நிமிடம் பேசுவது சரளம் ஆகாது. கேட்பவர் பாதியிலேயே நின்றுவிடுவார்.

நாக்குக்கும் பயிற்சி வேண்டும்

தமிழ் வாடையோடு ஆங்கிலம் பேசினால் மதிப்பெண் குறையாது. புரியாவிட்டால்தான் குறையும். நம் நாக்கில் மூன்று இடங்களில் புரியாமல் போகிறது.

ஒன்று, சொல்லின் கடைசியில் ஒட்டும் உகரம். ‘பெட்டு’, ‘டேப்லெட்டு’, ‘பல்ஸு’. நம் மொழிக்கு அது இயல்பு, ஆங்கிலக் காதுக்கு அது கூடுதல் அசை. இரண்டு, ‘ஃப’ ஒலி. ‘ஃபீவர்’ ‘பீவர்’ ஆகும், ‘ஃபெய்ன்ட்’ ‘பெய்ன்ட்’ ஆகும். மயக்கம் வருவதைச் சொல்கிறோமா, சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டா? மூன்று, அழுத்தம். நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் வைக்கிறோம், ஆங்கிலம் ஓர் அசையைத் தூக்கி மற்றவற்றை விழுங்கும். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் பின்பாதியும் ‘ஃபிஃப்டி’ என்பதில் முன்பாதியும் ஓங்க வேண்டும். 15 யூனிட் இன்சுலினுக்கும் 50 யூனிட்டுக்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்’ என்று எண் எண்ணாகச் சொல்லிவிடுங்கள். தேர்விலும் சொல்லலாம், வார்டில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நான் தினமும் பத்து நிமிடம் ஃபோனில் பதிவு செய்தேன். அன்றே கேட்கவில்லை, மறுநாள் கேட்டேன். அன்றைக்கே கேட்டால் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள்தான் உண்மையில் என்ன சொன்னோம் என்று கேட்கும்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு

என் வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் தம்பி இன்ஜினீயரிங் முடித்தவன். ஐஇஎல்டிஎஸ் எழுதினான். அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம், மூன்று பாகம். முதல் பாகத்தில் ஊர், வீடு, வேலை பற்றிச் சின்னக் கேள்விகள். இரண்டாவதில் ஒரு தலைப்பு அட்டை: ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, இரண்டு நிமிடம் வரை நாம் மட்டுமே பேச வேண்டும். மூன்றாவதில் அதே தலைப்பை ஒட்டிப் பொதுவான கலந்துரையாடல். சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சம மதிப்பெண். நம் கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் இல்லை.

தம்பி அப்துல் கலாமைப் பற்றி ஒரு பேச்சைத் தயாராக வைத்திருந்தான். உங்களுக்குப் பிடித்த மனிதர் யார் என்றாலும் கலாம், உதவி செய்தவர் யார் என்றாலும் கலாம். கலாம் பெரிய மனிதர்தான், ஆனால் இவன் அவரைப் பார்த்ததில்லை. “உங்க தெருவுல யாரு தம்பி உனக்கு உதவி செஞ்சாங்க?” என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, சைக்கிள் கடைக்காரரைப் பற்றிச் சொன்னான். மழை நாளில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று காசு வாங்காமல் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தவர். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் காயும் வரை ஊதுவது என்று தம்பி இரண்டு நிமிடமும் நிற்காமல் பேசினான். ஆங்கிலத்தில் சில சொற்கள் கிடைக்கவில்லை. சுற்றி வளைத்து விளக்கினான். அப்படிச் சமாளிப்பதும் மொழித்திறன்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது வாக்கியம் தானாக வந்து நிற்கிறது.

பாட்டி என்ன சொன்னார்?

இரண்டாவது தேர்வுக்கு முந்தின வாரம், கடைசிப் பயிற்சியை ஆங்கிலத்திலேயே செய்தேன். அம்மா தமிழில் பேசினார், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முடிந்ததும் சொன்னார், “போன வருசம் நீ ஒப்பிச்சுக்கிட்டிருந்த. இப்பத்தான் எங்கிட்டப் பேசுற.”

தேர்வில் எதிரில் இருந்தவர் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினார். பழைய நானாக இருந்தால் அந்த இடைவெளியைத் தாளில் இருந்த ஏதாவதொரு வாக்கியத்தால் அடைத்திருப்பேன். இந்த முறை காத்திருந்தேன். மூன்று விநாடி இருக்கும். உண்மையான கவலை அதன் பிறகுதான் வெளியே வந்தது. மதிப்பெண் 380.

ஞாயிறு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த திண்டுக்கல் பெண் ஒருத்தி போன மாதம் கேட்டாள், “அக்கா, இங்கிலீஷ் எக்ஸாமுக்கு எதுக்குக்கா தமிழ்ல பேசிப் பாக்கணும்?” அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. இன்சுலின் கார்டை அனுப்பி, வீட்டில் பாட்டியோடு நடித்துப் பார்த்து, பதிவு செய்துகொண்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்ததும், எத்தனை புதுச் சொல் படித்தாய் என்று நான் கேட்கவில்லை.

“பாட்டி என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

அவள் சொல்லச் சொல்ல, தேர்வுக்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே அவளிடம் இருப்பது எனக்குக் கேட்டது.